வெண்ணெய் இல்லாத மடிப்பு

பிப்ரவரி 6

வாலுவின் அம்மாவுக்கு,

போனில் பிள்ளையைப் பற்றி மட்டும் பேசுவது, மற்றதையெல்லாம் கடிதத்தில் எழுதிக்கொள்வது என்று போன வாரச் சண்டையில் நீ போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டு எழுதுகிறேன். நல்ல சட்டம்தான். ஆறு பேர் தங்கும் அறையில் நீ போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு கிசுகிசுக்க, இங்கே நான் ஊருக்கே கேட்கிற மாதிரி கத்த, கதவோரம் நின்று வாலு அத்தனையையும் கேட்டிருக்கிறாள். மறுநாள் பள்ளிக்கு அழைத்துப் போகும்போது, "நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டா எனக்கு நாய்க்குட்டி வாங்கித் தருவீங்களா?" என்று கேட்டாள். ஒன்பது வயதில் இந்தப் பேரம். யாரைக் கொண்டு பிறந்தாளோ.

நீ சொல்வது புரியாமல் இல்லை. ஓட்டலில் உன் வேலை நிரந்தரமானால் குடும்பத்தோடு தங்க வீடு தருவார்கள், நடந்து போகிற தூரத்தில் பள்ளிக்கூடம், மூன்று பேரும் ஒரே கூரைக்குள் இருக்கலாம். ஆனால் நான் அங்கே வந்து என்ன செய்வது? லாரி கம்பெனியில் பில் சரிபார்க்கிறவனுக்கு எந்த ஊரில் ரத்தினக் கம்பளம் விரித்து வைத்திருக்கிறார்கள்? காலையில் நீ வேலைக்குப் போக, நான் வாசலில் நின்று கையாட்ட, குடியிருப்பு முழுக்க என்னை "பேஸ்ட்ரி அம்மா புருஷன்" என்று கூப்பிட, அதெல்லாம் எனக்கு வராது. பிடிவாதம் என்று சொல்வாய். சொல்லிக்கொள்.

அதற்குப் பதில் வேறு ஒரு வழி பார்த்து வைத்திருக்கிறேன். சிரிக்காமல் படி. கரன்சி வர்த்தகம். ஒரு நாட்டுப் பணத்தைக் கொடுத்து இன்னொரு நாட்டுப் பணத்தை வாங்குவது, வாங்கியது ஏறினால் விற்பது. விஷயம் அவ்வளவுதான். எப்போதும் ஜோடியாகத்தான் வரும். ஒன்று ஏறினால் மற்றது இறங்கியாக வேண்டும், இரண்டும் சேர்ந்து ஏறவே ஏறாது. படித்தபோது உன் ஞாபகம் வந்தது.

ஒன்றும் குருட்டாம்போக்கில் இறங்கவில்லை. இணையத்தில் இலவச வகுப்பு நடத்தினார்கள், முழுதும் கேட்டேன். பிறகு பயிற்சிக் கணக்கு என்று ஒன்று தருகிறார்கள், அதில் பொய்ப் பணத்தை வைத்துப் பழகலாம். அதையும் பழகிவிட்டு, இப்போது நிஜக் கணக்கு திறந்து என் போனஸை அதில் போட்டிருக்கிறேன். இந்த விலைக்குக் கீழே போனால் தானாக விற்றுவிடு என்று முன்கூட்டியே ஒரு கோடு போட்டு வைக்கலாம். அந்தக் கோட்டை நான் தவறாமல் போடுகிறேன். இது சரியாக வந்தால் நீ அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம். நீ இல்லாத வீட்டில் நானும் வாலுவும் ஆளுக்கொரு பக்கம் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறோம். அலுத்துவிட்டது.

வாலுவின் அப்பா

*

பிப்ரவரி 17

என்னங்க,

எழுத உட்கார்ந்தால் கண் சொக்குகிறது, அதனால்தான் தாமதம். இன்று மாவு பிசையும் மெஷின் ரிப்பேர். மெக்கானிக் வருகிற வரைக்கும் ஸ்டோர் ரூமில் மாவு மூட்டை மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மூட்டையைத் திட்டுங்கள்.

என் வேலையை விடச் சொல்லியிருப்பதை இரண்டு தடவை படித்தேன். கோபம் வரவில்லை. கோபப்படத் தெம்பு வேண்டும்.

இங்கே நிலவரம் இதுதான். மார்ச் கடைசியில் ஒரு கம்பெனியின் ஆண்டு விருந்து. வருகிறவர்களில் பாதிப் பேர் வீகனாம். இறைச்சி, மீன் மட்டுமல்ல, பால், வெண்ணெய், முட்டை, தேன் எதையும் தொட மாட்டார்கள். அவர்களுக்கு ஓரத்தில் ஒரு தட்டு சாலட் வைத்து அனுப்பக்கூடாது, மேசை நடுவில் கம்பீரமாக வைத்து வெட்டிப் பரிமாறுகிற மாதிரி ஒரு பேஸ்ட்ரி வேண்டும், அதுவே சாப்பாடாக இருக்க வேண்டும் என்கிறார் பெரிய செஃப். அதை என் தலையில் கட்டிவிட்டார். நன்றாக வந்தால் நிரந்தரம். வராவிட்டால் ஏப்ரலோடு ஒப்பந்தம் முடிகிறது, மூட்டை கட்ட வேண்டியதுதான். அவர் இதை ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்.

பஃப்ஸ் செய்கிற மாவுதான். மடித்து, தேய்த்து, குளிர வைத்து, மறுபடி மடித்து. ஆனால் நடுவில் வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு. இந்தச் சமையலறை வெக்கையில் அது வெண்ணெயை விடச் சீக்கிரம் இளகி மாவோடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிவிட்டால் அடுக்கே வராது. உள்ளே காளான், பருப்பு, வால்நட், கேரட் எல்லாம் வதக்கி வைத்து, பெரிய தலையணை உறை மாதிரி சுருட்டி அடுப்பில் வைக்க வேண்டும். மேலே பொன்னிறமாகத்தான் வருகிறது. வெட்டினால் அடிப்பக்கம் சொதசொதவென்று ஊறிப்போய்க் கிடக்கிறது. இதுவரை செய்தது எல்லாம் ஊழியர் சாப்பாட்டுக்குப் போயிற்று. பாத்திரம் கழுவுகிற அக்கா, "உன் புண்ணியத்துல வாரம் பூரா நமக்கு விருந்து" என்கிறாள். அவளுக்கென்ன.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போட்டது ஒரு போனஸ். கணக்கில் இப்போது எவ்வளவு காட்டுகிறது? ஒரு தடவையாவது கையில் எடுத்துப் பார்த்தீர்களா? அதை எழுதுங்கள் முதலில்.

வாலுவின் காலணி கடிக்கிறதாம். போனில் சொன்னாள். வாங்கிக் கொடுங்கள்.

நான்

*

மார்ச் 1

வாலுவின் அம்மாவுக்கு,

காலணி வாங்கியாயிற்று. பள்ளிக்கு ஒத்துவராத நிறம்தான் வேண்டுமென்று அடம் பிடித்தாள், நானும் தலையாட்டிவிட்டேன்.

கணக்கில் எவ்வளவு என்று கேட்டாய். எழுதினால் நம்ப மாட்டாய் என்றுதான் தனித் துண்டுத்தாளில் எழுதி இதோடு மடித்து வைத்திருக்கிறேன். பார்த்தாயா? மூச்சு நின்றதா? எனக்கும் முதல் நாள் அப்படித்தான். போனஸ் போட்டால் இவ்வளவு எப்படி என்று கேட்பாய். வகுப்பில் சொல்லிக் கொடுத்ததுதான். நாம் கொஞ்சம் போட்டால் கம்பெனி தன் பணத்தைச் சேர்த்துப் பல மடங்காக்கி வியாபாரம் செய்ய விடும். கணக்கு அதனால்தான் இவ்வளவு பெரிதாகக் காட்டுகிறது. அந்த அடிப்படைத் தொகையை விட்டுவிடு, அதற்கு மேல் ஏறியிருப்பதைப் பார். அது முழுக்க முழுக்க நான் சம்பாதித்தது. கையில் இன்னும் எடுக்கவில்லை. ஓடுகிற வண்டியிலிருந்து சக்கரத்தைக் கழற்றுவார்களா?

காலையில் வாலுவை விட்டுவிட்டு ஆபீஸ் போகும் வழியில் பஸ்ஸில் விலை பார்ப்பேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஒன்று வாங்குவேன், வீடு திரும்புகிறபோது விற்பேன். கை நடுங்குவதே இல்லை. ஆபீஸில் ஒரு லாரி பில்லில் டீசல் கூடிவிட்டால் எனக்கு ராத்தூக்கம் போகும், உனக்கே தெரியும். இதில் நஷ்டம் வந்தால்கூட அடுத்தது என்று போய்விடுகிறேன். இவ்வளவு வருடம் என்னிடம் இப்படி ஒரு ஆள் இருந்தது எனக்கே தெரியாது.

உன் பேஸ்ட்ரியை நாங்களும் செய்து பார்த்தோம். கடை மாவு, கடைக் காளான். திறந்தபோது தட்டு முழுக்கக் குளம். வாலு மேல்மூடியை மட்டும் பெயர்த்துத் தின்றுவிட்டு, "அம்மா செய்யறது மூடி மட்டுமா இருந்தா பாஸாயிடும்" என்றாள். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், சமையல்காரன் பேச்சாக எடுத்துக்கொள்ளாதே. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார். மாவில் இல்லை, உள்ளே வைக்கிற சரக்கில்தான் இருக்கிறது.

முக்கியமான விஷயம். மாதக் கடைசியில் ராஜினாமா கடிதம் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். வீட்டிலிருந்தே இதை முழு நேரமாகச் செய்யலாம், வாலுவையும் பார்த்துக்கொள்ளலாம், நீயும் அந்த விருந்தோ மருந்தோ எதுவானாலும் விட்டுவிட்டு வரலாம். ஆனால் உன்னைக் கேட்காமல் செய்ய மாட்டேன். நீ சொன்னால்தான் கொடுப்பேன். ஒரு வரி எழுது போதும்.

வாலுவின் அப்பா

*

மார்ச் 12

என்னங்க,

நீங்கள் சொன்னது சரிதான். சரக்கில்தான் தண்ணீர். காளானை நான் வெந்ததும் இறக்கிக்கொண்டிருந்தேன். இப்போது அது விடுகிற தண்ணீர் முழுதும் வற்றி, சட்டியில் சத்தம் மாறுகிற வரைக்கும் நிற்கிறேன். பிறகு தட்டில் பரப்பி ஆறவிட்டு, குளிர்பெட்டியில் வைக்கிறேன். முன்பு வெதுவெதுப்பாக இருக்கும்போதே சுருட்டினேன், அந்தச் சூட்டில்தான் கொழுப்பு இளகியிருக்கிறது. அவசரம். ஷிஃப்ட் முடிந்து காலை நீட்ட வேண்டுமென்கிற அவசரம், வேறொன்றுமில்லை.

அடியில் ரொட்டித் தூள் தூவி, அதன் மேல் கீரை இலையை விரித்து, பிறகு சரக்கு. முட்டைக்குப் பதில் மேலே சோயா பாலில் கொஞ்சம் சர்க்கரைப் பாகு கலந்து தடவினால் நிறம் வருகிறது. தட்டை முதலிலேயே அடுப்பில் காய வைத்து அதன் மேல் ஏற்றினால் அடிப்பக்கமும் பொரிகிறது. நேற்று வெட்டியபோது கத்தி நறநறவென்று இறங்கியது. பெரிய செஃப் ஒரு துண்டு தின்றார். இன்னொரு துண்டையும் கையில் எடுத்துக்கொண்டு போனார். ஆனால் ஒன்று செய்வது வேறு, விருந்தன்று இருபது செய்வது வேறு.

துண்டுத்தாளைப் பார்த்தேன்.

வேலை விஷயமாகக் கேட்டிருந்தீர்கள். உங்களுக்குச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள். நான் தடுக்க மாட்டேன்.

கைவிரல் எல்லாம் வெடித்திருக்கிறது, பேனா பிடிக்க முடியவில்லை. இதோடு நிறுத்துகிறேன்.

நான்

*

மார்ச் 27

அம்மா தாயே,

வாலுவிடம் இதைச் சொல்லாதே. நானே சொல்கிறேன், கொஞ்ச நாள் போகட்டும்.

உன் கடிதம் வந்த மறுநாள் ராஜினாமா கொடுத்தேன். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். யாராவது கூடச் சம்பளம் தருகிறார்களா என்று கேட்டார். இல்லை, சொந்தத் தொழில் என்றேன். சொன்னபோது நெஞ்சு நிமிர்ந்ததை இப்போது நினைத்தால் கூசுகிறது. ஆபீஸில் கேக் வெட்டினார்கள். பில் போடுகிற பையன்கள் எல்லாம் என்னிடம் வந்து தங்களுக்கும் கற்றுக் கொடுக்கச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுக்கிறேன் என்று வாக்கு வேறு கொடுத்தேன்.

கடைசி நாள் முடிந்து வீட்டுக்கு வந்து, முதல் தடவையாகப் பணம் எடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். வாலுவுக்கும் உனக்கும் ஏதாவது வாங்க. எங்கே தேடியும் பணம் எடுக்கிற பொத்தான் இல்லை. கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பெண் பேசினாள், ரொம்பப் பொறுமையானவள். என் கணக்கு எண்ணைக் கேட்டாள். பிறகு, "சார், இது பயிற்சிக் கணக்கு. நீங்க பணம் போட்ட கணக்கு வேற, அதுல இதுவரைக்கும் ஒரு வியாபாரம்கூட நடக்கலையே" என்றாள்.

எனக்குப் புரிய நேரமாயிற்று. நிஜக் கணக்கு திறந்தேன், பணம் போட்டேன், எல்லாம் சரி. ஆனால் செயலியைத் திறந்தால் அது பழைய பயிற்சிக் கணக்கில்தான் போய் நிற்குமாம். நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டுமாம். மேலே மூலையில் 'பயிற்சி' என்று சின்னதாக எழுதியிருக்கிறது. இருபது வருடமாக பில்லில் தொகையைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு அது படவே இல்லை. அந்தப் பெரிய தொகை, கம்பெனி தன் பணத்தைச் சேர்த்துக் கொடுத்தது என்று உனக்கு விளக்கினேனே, அது பழகுகிறவர்கள் எல்லாருக்கும் கொடுக்கிற பொய்ப் பணம். கடனாகக் கொடுப்பது கணக்கில் அப்படித் தெரியவே தெரியாதாம். ஊரார் பில்லில் எல்லாம் தப்புக் கண்டுபிடித்தவன் நான்.

இதோடு விட்டிருக்கலாம். ரோஷம் வந்துவிட்டது. பொய்ப் பணத்தில் ஜெயித்தவன் நிஜத்தில் ஜெயிக்க மாட்டானா என்று அன்றே நிஜக் கணக்கில் ஒன்று வாங்கினேன். விலை ஒரு மயிரிழை இறங்கியதும் கை நடுங்கியது. நானே போட்ட தடுப்புக் கோட்டை நானே கீழே இறக்கினேன். பிறகு இன்னும் கீழே. போனஸில் பாதி போய்விட்டது. மீதியை எடுத்துக்கொண்டு கணக்கை மூடிவிட்டேன்.

ஆக, வேலை இல்லை. உன்னை விட்டுவிட்டு வா என்று கூப்பிட்ட வாயை எங்கே வைத்துக்கொள்வது? தயவு செய்து நீ அங்கே ஒன்றையும் விட்டுவிடாதே. காலையில் வாலுவுக்குச் சந்தேகம் வராமலிருக்க ஆபீஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன். அவளை விட்டுவிட்டு நூலகத்தில் போய் உட்காருகிறேன். அங்கே என்னைப் போல இஸ்திரி போட்ட சட்டையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதில்லை.

நான்

*

ஏப்ரல் 4

என்னங்க,

விருந்து முடிந்தது. இருபதும் நன்றாக வந்தன. ஒன்று மட்டும் பக்கவாட்டில் வெடித்தது, அதைத் திருப்பி வைத்து மேலே கொத்தமல்லித் தழையால் மூடினேன். வேலை நிரந்தரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வீடும் ஒதுக்கிவிட்டார்கள். இரண்டு அறை, சமையலறை ஜன்னலைத் திறந்தால் சலவைக்கூடத்து ஆவி வருகிறது, மற்றபடி வெளிச்சமான வீடு. சாவி கையில் இருக்கிறது. சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். தரையில் உட்கார இடம் இல்லாதவள் மாதிரி, ஜன்னல் திட்டில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். எனக்குத் தெரியும். உங்கள் துண்டுத்தாள் வந்த அன்றே தெரியும்.

எங்கள் ஸ்டோர்காரர் இந்தக் கரன்சி வியாபாரத்தில் விரலைச் சுட்டுக்கொண்டவர். சும்மா பேச்சுவாக்கில், கொஞ்சம் பணம் போட்டால் கணக்கு இவ்வளவு காட்டுமா என்று அவரிடம் கேட்டேன். நீங்கள் அடிப்படை என்று எழுதிய தொகையைச் சொன்னதும் சிரித்தார். "அது பழகுறவங்களுக்குக் குடுக்கற பொம்மைப் பணம்மா. யாராயிருந்தாலும் அந்த முழுத் தொகையிலதான் ஆரம்பிப்பாங்க" என்றார். திரும்பி வந்து உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். நான் சொன்னால்தான் ராஜினாமா கொடுப்பேன் என்று எழுதியிருந்தீர்கள்.

போனை எடுத்தேன். உங்கள் நம்பரையும் போட்டேன். மணி அடிக்கும் முன்னால் வைத்துவிட்டேன்.

நீங்கள் இவ்வளவு சந்தோஷமாக எழுதி நான் பார்த்ததில்லை, அதைக் கெடுக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த வேலை போனால்தான் நீங்கள் இங்கே வருவீர்கள் என்று தோன்றியது, அதுதான் நிஜம். எத்தனை தடவை வாய்விட்டுக் கேட்டேன், கெஞ்சினேன், கத்தினேன். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. ஒரு வரி எழுதச் சொன்னீர்கள். எழுதினேன். விருந்து சொதப்பியிருந்தால் மூன்று பேரும் நடுத்தெருவில் நின்றிருப்போம். அதையும் யோசித்தேன், யோசித்துவிட்டுத்தான் அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டேன்.

இஸ்திரி போட்ட சட்டையோடு நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று படித்தபோதுதான் நான் செய்தது என்னவென்று எனக்கு உறைத்தது. உங்களிடம் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டால் நீங்கள் கொடுத்துவிடுவீர்கள், பிறகு காலமெல்லாம் மனதுக்குள் வைத்துக்கொள்வீர்கள். வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். இந்தத் தடவை நிஜமாகவே சொல்கிறேன்.

நான்

*

ஏப்ரல் 16

வாலுவின் அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று நல்ல வேளையாக நீ பக்கத்தில் இல்லை. நீ கூப்பிட்டபோது போனை வாலுவிடம் கொடுத்துவிட்டு நான் மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். அடுத்த நாளும் அப்படியே. நீ கவனித்திருப்பாய், கேட்கவில்லை.

கோபம் வந்தது. இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இவ்வளவு வருடம் குடித்தனம் செய்த பெண்டாட்டி ஒரு வரியில் என்னைத் தள்ளிவிட்டாள் என்று நினைத்தபோது சோறு இறங்கவில்லை. உன் கடிதம் வருவதற்கு ஒரு வாரம் முன்பே வாலுவிடம் உண்மையைச் சொல்லியிருந்தேன். வேலை போனதை மட்டும். "அப்ப நீங்கதான் என்னை ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வருவீங்களா?" என்றாள். அவளுக்கு அது பெரிய நல்ல செய்தி.

இதில் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. உன் கடிதம் வருவதற்கு முன்பே மேனேஜர் வீட்டுக்கு வந்திருந்தார். யார் சொன்னார்களோ, விஷயம் அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை மனிதர். புதிதாக வந்தவன் பில்லை எல்லாம் குட்டிச்சுவராக்கி வைத்திருக்கிறான் என்று அலுத்துக்கொண்டார். கிளம்பும்போது, "ராஜினாமாவ நான் மேல அனுப்பவே இல்ல சார். திங்கக்கிழமை வந்துடுங்க" என்றார். சரி என்றேன். கண் கலங்கிவிட்டது எனக்கு. உனக்கு எழுதலாம் என்றிருந்தபோதுதான் உன்னுடையது வந்தது.

திங்கட்கிழமை போனேன். ஆத்திரம்தான், மறைப்பானேன். உன் கணக்குப் பலிக்கவில்லை பார் என்று காட்ட வேண்டும் என்கிற ஆத்திரம். அதே மேசை, அதே ஆடுகிற நாற்காலி. பில்லைப் பிரித்து வைத்துக்கொண்டு மதியம் வரைக்கும் பார்த்தேன். டீசல், சுங்கம், ஏற்றுக்கூலி. ஒரு தப்புக் கண்டுபிடித்தேன், சந்தோஷம் வரவில்லை. சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறந்தேன். காலையில் நானே கட்டியது. நீ போனதிலிருந்து நானே கட்டுவது. நாளைக்கும் கட்ட வேண்டும், அதற்கு அடுத்த நாளும். யாரைத் தோற்கடிக்க இதைச் செய்கிறேன் என்று யோசித்தேன். வேலையை விட்டுவிட்டு உன் ஊருக்கே வருகிறேன் என்று மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுந்து கை கொடுத்தார்.

ஆகவே ஒன்றைத் தெளிவாக எழுதி வைக்கிறேன், பின்னால் எந்தச் சண்டையிலும் பயன்படும். நீ என்னைத் தந்திரம் செய்து வரவழைத்தாய் என்று என்னால் சொல்ல முடியாது. அதை வைத்து நீயும் மனதுக்குள் புழுங்க முடியாது. வேலை இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தும் பார்த்தேன். எழுந்தது நான்.

வாலுவின் பரீட்சை முடிந்ததும் கிளம்புகிறோம். காலை ரயில். உனக்கு அன்று காலை ஷிஃப்டாக இருக்கும், லீவு கேட்டு யாரிடமும் பல்லைக் காட்ட வேண்டாம், ஸ்டேஷனுக்கும் வர வேண்டாம். வீட்டுச் சாவியை யாரிடம் கொடுத்து வைப்பாய் என்று மட்டும் எழுது.

வாலுவின் அப்பா